பெரு நாட்டு உணவும் பானமும்: எந்த ஊரில், எந்த வேளையில், எதை உண்பது?

கடற்காற்று எழுதியது:

வரும் மே மாதம் நானும் என் மனைவியும் பெரு நாட்டுக்குச் செல்லவிருக்கிறோம். லிமாவில் இறங்கி, அங்கிருந்து அரெக்கிப்பா, டிட்டிகாக்கா ஏரிக்கரையிலுள்ள புனோ, பிறகு குஸ்கோ, மச்சுபிச்சு என்று வழி வகுத்திருக்கிறோம். தங்குமிடம், பேருந்து, நுழைவுச்சீட்டு ஆகியவற்றைப் பற்றி வேண்டிய அளவு படித்துவிட்டேன். உணவில்தான் தெளிவு கிடைக்கவில்லை. எங்கே தேடினாலும் செவிச்சே, லோமோ சல்தாதோ, குய், பிஸ்கோ சவர் என்று அதே பெயர்கள் வரிசையாக வருகின்றனவே தவிர, எதை எங்கே, எப்போது, எப்படிக் கேட்டு வாங்குவது என்று யாரும் எழுதுவதில்லை.

நான் எல்லாம் உண்பவன். மனைவி முட்டையும் தொடாத சைவம். பாலும் பாலாடைக்கட்டியும் உண்டு. பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துச் செய்யும் செவிச்சேயை உண்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. உயரமான ஊர்களில் வயிறு என்ன பாடுபடும் என்பதும் தெரியவில்லை. அங்கே வாழ்ந்தவர்களோ சென்று வந்தவர்களோ விரிவாக எழுதினால் உதவியாக இருக்கும்.

வழிப்போக்கன் எழுதியது:

பணி நிமித்தம் லிமாவில் சில ஆண்டுகள் இருந்தவன் என்பதால் எழுதுகிறேன். பெருவில் உணவைத் தேர்ந்தெடுக்கும்போது உணவகத்தின் பெயரைவிட இரண்டு செய்திகளை முதலில் பாருங்கள். ஒன்று, கடிகாரம், மற்றொன்று, நீங்கள் நிற்கும் ஊர் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. கடற்கரை, ஆண்டிஸ் மலை, அமேசான் காடு என்று மூன்று நிலங்களுக்கும் தனித்தனிச் சமையல் உண்டு. ஒவ்வொரு நிலத்திலும் இன்ன உணவு இன்ன வேளைக்கு என்ற வழக்கம் இன்னும் அழுத்தமாக இருக்கிறது. சுற்றுலாப் பயணிகளுக்கான உணவகங்களில் எல்லாம் எல்லா நேரத்திலும் கிடைக்கும். ஆனால் அங்கே கிடைப்பதை வைத்து அந்த நாட்டுச் சமையலை எடைபோட்டுவிட முடியாது.

செவிச்சேயையே எடுத்துக்கொள்வோம். அது பகலுணவு. செவிச்சே கடைகள் முற்பகலில் திறந்து, மாலை நான்கு அல்லது ஐந்து மணிக்குள் நாற்காலிகளைக் கவிழ்த்துவிடும். விடியற்காலையில் கரைக்கு வந்த மீனை அன்று நண்பகலுக்குள் உண்டு தீர்ப்பது குளிர்பெட்டி வருவதற்கு முன்பிருந்த வழக்கம். குளிர்பெட்டி வந்த பின்னும் அது மாறவில்லை. கொர்வினா போன்ற வெள்ளைச் சதை மீனைப் பெரிய துண்டுகளாக நறுக்கி, உப்பிட்டுப் பிசறி, அஹி லிமோ என்னும் மணமிக்க மிளகாயைச் சேர்த்து, நல்ல புளிப்புள்ள சிறிய பச்சை எலுமிச்சையை அதன்மேல் பிழிவார்கள். மெல்லியதாக அரிந்து கழுவிய சிவப்பு வெங்காயம் மேலே குவியும். முற்காலத்தில் மணிக்கணக்கில் ஊறவைத்தார்கள். இப்போது சில நிமிடங்களே. இந்த மாற்றத்துக்கு 1899 முதல் அங்கே குடியேறிய ஜப்பானியரின் வழிவந்த சமையற்காரர்களே காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். தட்டின் ஓரத்தில் அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கும், பெருமணி மக்காச்சோளமும், வறுத்த சோளமும் இருக்கும். அவற்றை அலங்காரம் என்று எண்ணி ஒதுக்கிவிடாதீர்கள். புளிப்பும் உறைப்பும் ஏறிய நாக்குக்கு அந்தக் கிழங்கின் இனிப்பு தேவைப்படும். அடியில் தேங்கும் வெண்சாற்றுக்கு 'லெச்சே தெ திக்ரே' என்று பெயர். அதைத் தனியே கோப்பையிலும் விற்கிறார்கள்.

அடுத்தது 'மெனு' எனப்படும் நண்பகல் சாப்பாடு. வாசலில் கரும்பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதி வைத்திருப்பார்கள்: முதலில் ஒரு சூப், பிறகு சோற்றுடன் ஒரு முக்கிய உணவு, கூடவே ஒரு குவளை பானம். ஊரையும் கடையையும் பொறுத்து 10 முதல் 20 சோலுக்குள் (சோல் என்பது பெரு நாணயம்) முடிந்துவிடும். அலுவலக ஊழியர்கள் வரிசையில் நிற்கும் கடையைத் தேடி ஒரு மணியளவில் போய்விடுங்கள். நடுப்பகல் உணவே அந்நாட்டின் பெரிய உணவு. இரவில் இலேசாக உண்பதே அங்கு வழக்கம், மலையூர்களில் அதுவே உடலுக்கும் நல்லது.

நீலாம்பரி எழுதியது:

வழிப்போக்கன் அவர்கள் எழுதியது சுவையாக இருந்தாலும், கேட்டவரின் தயக்கத்துக்கு அதில் பதில் இல்லை. நான் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். எலுமிச்சைச் சாறு மீனின் புரதத்தை இறுக்கி வெண்மையாக்குகிறது. பார்வைக்கு வெந்ததுபோல் தோன்றும். ஆனால் கிருமிகளையும் ஒட்டுண்ணிகளையும் வெப்பம் அழிக்கும் அளவுக்கு அந்தப் புளிப்பு அழிப்பதில்லை. 1991-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பெருவின் கடற்கரை நகரங்களில் காலரா பரவி, அந்த ஓராண்டில் மட்டும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். குடிநீரும் கழிவுநீரும்தான் பெருங்காரணம் என்றாலும் பச்சை மீனையும் மக்கள் அஞ்சினார்கள். மீனவர்களின் பிழைப்பு படுத்துவிட்டது. அப்போதைய அதிபர் ஃபுஹிமோரி தொலைக்காட்சியில் செவிச்சே உண்டு காட்டினார். அதை நான் துணிச்சல் என்று சொல்ல மாட்டேன்.

கர்ப்பிணிகளும் முதியவர்களும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் செவிச்சேயைத் தவிர்ப்பதே சரி. பெருவின் கடலுணவை அனுபவிக்க அது ஒன்றுதான் வழி என்பதும் இல்லை. வெங்காயமும் தக்காளியும் சேர்த்து ஆவியில் வேகும் 'சுதாதோ', மீனும் நண்டும் சிப்பியும் கொதிக்கும் 'பரிஹுவேலா', மாவில் தோய்த்துப் பொரித்த 'ஹலேயா' ஆகிய அனைத்தும் அதே கடைகளில், அதே பகல்வேளையில் சூடாகக் கிடைக்கின்றன.

வழிப்போக்கன் எழுதியது:

நீலாம்பரி அவர்கள் சொன்ன அறிவியலில் எனக்கு மாறுபாடு இல்லை. செவிச்சே சமைக்கும், உண்ணும் மரபை யுனெஸ்கோ 2023-இல் மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது என்பதால் ஒவ்வொரு கடையின் தட்டும் தூய்மையாகிவிடாது. ஆனால் நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவர் லிமா வரை போய்விட்டு அதை வாயில் வைக்காமல் திரும்ப வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. கூட்டம் நிறைந்த கடையில், நண்பகலில், நீங்கள் கேட்ட பிறகு மீனை நறுக்கிப் பிசறுவதைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள். முன்பே கலந்து கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்பதையும், வண்டியில் வெயிலில் நிற்பதையும் விட்டுவிடுங்கள். செவிச்சேயை லிமாவோடு முடித்துக்கொள்வது நல்லது. புனோவிலும் குஸ்கோவிலும் டிரவுட் மீனில் செவிச்சே செய்து தருவார்கள். நன்னீர் மீனைப் பச்சையாக உண்ண நான் துணிய மாட்டேன். அதே மீனைப் பொரித்துக் கேட்டால், முறுகிய தோலும் மென்மையான சதையுமாக மிக நன்றாக இருக்கும்.

அரைக்கீரை எழுதியது:

சைவ உணவைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த இழையில் இதுவரை மீன் வாசனைதான் வீசுகிறது.

கடற்காற்று ஐயா, உங்கள் மனைவி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அங்கே 'சின் கார்னே', அதாவது இறைச்சி வேண்டாம் என்று சொன்னால், மாட்டிறைச்சி மட்டும் வேண்டாம் என்றே பலர் எடுத்துக்கொள்வார்கள் என்பது. அப்படிச் சொல்லிவிட்டு உட்கார்ந்த என் முன்னே ஒரு சிறு கடையில் கோழிக்கால் மிதக்கும் சூப் மலர்ந்த முகத்துடன் வைக்கப்பட்டது. ஆகவே கோழி வேண்டாம், மீன் வேண்டாம், முட்டை வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: 'சின் போயோ, சின் பெஸ்காதோ, சின் உவேவோ'. சூப்பாக இருந்தால் அது எந்தச் சாற்றில் கொதித்தது என்று கேட்பது கட்டாயம். கீன்வா என்னும் மலைத்தானியச் சூப்பும் காய்கறிச் சூப்பும்கூட எலும்புச் சாற்றில்தான் பெரும்பாலும் வேகின்றன. பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பதும் உண்டு. மீந்த பீன்ஸையும் சோற்றையும் பிசைந்து முறுக வாட்டும் 'தக்கு தக்கு' அருமையான உணவு, ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்ட பிறகே வாங்க வேண்டும்.

இனி நம்பி உண்ணக்கூடியவை. அரெக்கிப்பாவின் 'சொல்தெரித்தோ' என்னும் கலவையில் ஃபாவா அவரை, சோளமணி, வெள்ளைப் பாலாடைக்கட்டி, தக்காளி, ஆலிவ், சிறிது மிளகாய் ஆகியவை சேரும். சமைத்த கறி எதுவும் இல்லாமலேயே வயிறு நிறையும். 'பாப்பா அ லா வாங்காயினா' என்பது அவித்த உருளைக்கிழங்கின்மேல் பாலாடைக்கட்டியும் மஞ்சள் மிளகாயும் அரைத்து ஊற்றியது. மேலே பாதி அவித்த முட்டையை வைப்பார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அதன் அரெக்கிப்பா உறவான 'ஒக்கோப்பா'வில் நிலக்கடலையும் ஹுவாக்கத்தாய் என்ற மணமுள்ள தழையும் சேரும். கடலை ஒவ்வாதவர்கள் அதை விட்டுவிட வேண்டும். கோழியும் மிளகாயும் பாலும் சேர்ந்த 'அஹி தெ கயினா', உலர்ந்த உருளைக்கிழங்கில் செய்யும் 'கராப்புல்க்ரா' ஆகியவற்றிலும் கொட்டை அல்லது கடலை இருக்கக்கூடும் என்பதை அவர்கள் மறக்கக் கூடாது. மசித்த மஞ்சள் உருளைக்கிழங்கில் எலுமிச்சையும் மிளகாயும் பிசைந்து அடுக்காக வைக்கும் 'காவ்சா'வை வெண்ணெய்ப்பழம் வைத்துத் தருவார்கள், ஆனால் நடுவில் மயோனைஸ் இருக்கும். முட்டை உண்ணாதவர்களுக்கு அது ஆகாது.

குஸ்கோவுக்கு அருகிலுள்ள புனிதப் பள்ளத்தாக்கில் சாலையோரப் பெண்கள் ஆவி பறக்கும் சோளக்கதிரை அதன் தோலோடு எடுத்து, ஒரு கனத்த துண்டு வெள்ளைப் பாலாடைக்கட்டியுடன் கையில் கொடுப்பார்கள். ஒவ்வொரு மணியும் நம் கட்டைவிரல் நகத்தளவு இருக்கும். ஒரு மணியைக் கிள்ளி வாயில் போட்டு, ஒரு கடி பாலாடைக்கட்டி, மறுபடி ஒரு மணி என்று உண்ண வேண்டும். அந்தப் பயணத்தில் நான் மிகவும் விரும்பி உண்டது அதுதான். அதற்கு எந்த உணவகமும் ஈடாகவில்லை.

உருளைக்கிழங்கைப் பற்றி ஒரு வார்த்தை. உலக உருளைக்கிழங்கு ஆய்வு மையம் 1971 முதல் லிமாவில் இயங்குவது தற்செயல் அன்று. ஆண்டிஸ் மலையில் ஆயிரக்கணக்கான வகைகள் இன்றும் பயிராகின்றன. குஸ்கோவின் சான் பெத்ரோ சந்தையில் கறுப்பு, ஊதா, இளஞ்சிவப்பு எனக் குவித்து வைத்திருப்பார்கள். கூழாங்கல்போல் சுருங்கிக் கிடப்பது 'சூன்யோ'. இரவு உறைபனியில் உறையவிட்டு, பகலில் வெயிலில் காயவைத்து, காலால் மிதித்து நீரை வெளியேற்றி, ஆண்டுக்கணக்கில் கெடாமல் சேமிக்கும் முறை அது. அதன் மண்வாசனை எல்லோருக்கும் பிடிக்காது. எனக்குப் பாலாடைக்கட்டியுடன் மட்டும் இறங்கியது. இனிப்பு வேண்டுமானால் ஊதாச் சோளத்தைக் காய்ச்சி, சர்க்கரைவள்ளி மாவால் இறுக்கிய 'மசமோர்ரா மொராதா' இருக்கிறது. அதில் பாலும் இல்லை, முட்டையும் இல்லை.

மிளகாய்ப்பழம் எழுதியது:

நான் இதுவரை படித்தவரை பெரு உணவில் காரமே இருக்காது என்கிறார்கள். மிளகாயின் தாயகமே தென் அமெரிக்கா என்று பள்ளியில் படித்தோமே, அது எப்படி? ஊறுகாய்ப் புட்டி எடுத்துப் போக வேண்டுமா?

தென்திசை எழுதியது:

ஊறுகாயை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பெருவில் மிளகாயைப் பெரும்பாலும் மணத்துக்கும் நிறத்துக்கும் பயன்படுத்துகிறார்கள். 'அஹி அமரியோ' என்னும் மஞ்சள் மிளகாயின் விதையையும் நரம்பையும் நீக்கி, அரைத்து வதக்கினால் பழவாசனையுள்ள விழுது கிடைக்கும். 'அஹி பாங்கா' காய்ந்த கருஞ்சிவப்பு மிளகாய். அதில் உறைப்பு குறைவு, புகைமணம் அதிகம். உறைப்பு வேண்டுபவருக்காக ஒவ்வொரு மேசையிலும் சிறு கிண்ணத்தில் மிளகாய்ச் சாறு தனியே இருக்கும். அதை ருசி பார்க்காமல் கரண்டியால் ஊற்றிக்கொள்ளும் நம்மவர்கள் சிலரின் கண்கள் கலங்கியதைப் பார்த்திருக்கிறேன். கிண்ணத்தில் இருந்தது ரொக்கோட்டோ. பார்வைக்குக் குடைமிளகாயின் குட்டிபோல இருக்கும். உள்ளே விதை கறுப்பாக இருக்கும். உறைப்பு நம் குண்டூர் மிளகாய்க்கு இளைத்ததன்று.

அந்த ரொக்கோட்டோவின் ஊர் அரெக்கிப்பா. கடற்காற்று அவர்கள் அங்கே போவதால் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலர் அந்த நகரை எரிமலையும் மடாலயமும் பார்த்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். அங்கே 'பிக்கந்தெரியா' என்று அழைக்கப்படும் பழைய உணவகங்கள் உண்டு. பெண்கள் நடத்துவதே அவற்றின் மரபு. விறகடுப்பு, ஆட்டுக்கல்லை ஒத்த பணியைச் செய்யும் 'பாத்தான்' என்ற அரைகல், நீண்ட பொது மேசைகள். முளைவிட்ட கருஞ்சோளத்தை அரைத்துப் புளிக்கவைக்கும் 'சிச்சா தெ கினாப்போ' அங்கே குடிக்கவும் சமைக்கவும் பயன்படுகிறது. ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு சூப் என்பது வழக்கம்; திங்களன்று சாக்கே, செவ்வாயன்று சைரோ என்று வாரம் ஓடும். இவை பகலில் மட்டுமே திறந்திருக்கும். இரவு அங்கே போய்க் கதவைத் தட்டிப் பயனில்லை.

ரொக்கோட்டோவின் விதையை நீக்கி, பலமுறை நீரில் ஊறவைத்தும் கொதிக்கவிட்டும் உறைப்பைத் தணித்து, உள்ளே கொத்திறைச்சி அடைத்து, மேலே பாலாடைக்கட்டி இட்டு அடுப்பில் வாட்டுவது 'ரொக்கோட்டோ ரெயெனோ'. எவ்வளவு தணித்தாலும் அடியில் ஒரு சுருக்கென்ற உறைப்பு மிஞ்சும்; மிளகாய்ப்பழம் அவர்களுக்கு அது போதும். ஆற்று இறாலில் செய்யும் 'சுப்பே தெ கமரோனெஸ்' பாலும் உருளைக்கிழங்கும் சேர்ந்த கனமான சூப். ஆற்று இறாலுக்கு ஆண்டின் முதல் மாதங்களில் பிடிதடை உண்டு. நீங்கள் மே மாதம் போவதால் கவலை இல்லை; தடைக்காலத்தில் போகிறவர்கள் அதைக் கேட்காமல் இருப்பதே நியாயம்.

ஞாயிற்றுக்கிழமை அரெக்கிப்பாவில் இருக்கும்படி பயணத்தை அமைத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். அன்று விடியற்காலையில் 'அடோபோ' உண்பார்கள். பன்றியிறைச்சியைச் சிச்சாவிலும் அஹி பாங்காவிலும் இரவு முழுக்க ஊறவைத்து மண்சட்டியில் வேகவைத்தது. மூன்று முனையுள்ள ரொட்டியைக் கிழித்து அந்தச் சாற்றில் தோய்த்து உண்ண வேண்டும். கய்மா பகுதியில் காலை ஆறு மணிக்கே கூட்டம் சேர்ந்துவிடும். பத்து மணிக்குப் போனால் சட்டியின் அடிதான் மிஞ்சும். பன்றி உண்ணாதவர்களுக்கு நான் சொல்லக்கூடிய மாற்று எதுவும் அந்த வேளையில் இல்லை.

செந்தூரம் எழுதியது:

குய் என்னும் கினிப்பன்றியைப் பற்றிப் பதில் எழுதிய யாரும் குறிப்பிடவில்லை. வளர்ப்புப் பிராணியை முழுதாகத் தலையோடும் பல்லோடும் தட்டில் வைத்துப் படம் எடுத்துப் போடுவதை எதற்காகப் பயணிகள் சாதனையாக நினைக்கிறார்கள் என்று புரியவில்லை. இதை ஊக்குவிக்க வேண்டுமா?

தென்திசை எழுதியது:

படத்துக்காக உண்பதை நானும் விரும்பவில்லை. ஆனால் ஆண்டிஸ் மக்களுக்கு அது செல்லப் பிராணி அன்று. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடுப்படியில் புல்லும் கிழங்குத் தோலும் போட்டு வளர்த்து, திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் சமைக்கும் இறைச்சி. குஸ்கோ பேராலயத்தில் மார்கோஸ் சப்பாத்தா 18-ஆம் நூற்றாண்டில் வரைந்த இறுதி இராவுணவு ஓவியத்தில், இயேசுவின் முன்னுள்ள தட்டில் குய் போன்ற ஒரு விலங்குதான் கிடக்கிறது. சிலர் அதை முயல்போன்ற விஸ்காச்சா என்னும் மலைவிலங்கு என்பார்கள். எப்படியும் அது அந்த மலையின் உணவு.

உண்ண நினைப்பவர் செய்ய வேண்டியது, நகர மையத்துச் சுற்றுலா உணவகத்தைத் தவிர்த்து, அதையே தொழிலாகக் கொண்ட ஊரகக் கடைகளுக்குப் போவது. கனல் அடுப்பில் வாட்டத் தெரிந்தவரிடம் தோல் அப்பளம்போல் நொறுங்கும். தெரியாதவரிடம் ரப்பராக இழுக்கும். அரெக்கிப்பாவில் கல்லை மேலே வைத்து அழுத்திப் பொரிப்பது 'சக்தாதோ'. சதை மிகக் குறைவு, எலும்பு அதிகம், விலையும் அதிகம். மனம் ஒப்பாதவர்கள் தயங்காமல் வேண்டாம் என்று சொல்லலாம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

மேகமலை எழுதியது:

உயரத்தைப் பற்றி நான் சேர்க்கிறேன். அரெக்கிப்பா சுமார் 2,300 மீட்டர், குஸ்கோ 3,400 மீட்டர், புனோ 3,800 மீட்டர். உங்கள் வரிசைப்படி அரெக்கிப்பாவில் தங்கிப் பழகிவிட்டுப் புனோவுக்கு ஏறுவது நல்லது. முதல் இரண்டு நாள் வயிறு மந்தமாகும். கொழுப்பும் மதுவும் தலைவலியைக் கூட்டும். கீன்வா சூப், அவித்த கிழங்கு, சிறிது சோறு போதும். நீர் அந்த உயரத்தில் 90 டிகிரிக்கும் கீழேயே கொதித்துவிடுவதால் பருப்பும் சோறும் சில கடைகளில் அரைவேக்காடாக வரும். அழுத்தக் கலத்தில் சமைப்பவர்களிடம் அந்தக் குறை இராது. குழாய்நீரை எந்த ஊரிலும் குடிக்க வேண்டாம். கொதிக்கவைத்ததோ மூடியிட்ட புட்டியோ மட்டும் குடியுங்கள்.

தங்குமிடங்களின் வாசலில் கோகா இலைத் தேநீர் வைத்திருப்பார்கள். அது பெருவில் சட்டப்படி விற்கப்படுவது. இலேசான ஊக்கம் தரும், போதை தராது. ஆனால் அதைக் குடித்த பிறகு போதைப்பொருள் பரிசோதனை செய்தால் அதில் தென்படக்கூடும் என்பதால், பணியிடத்தில் அத்தகைய பரிசோதனை உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். அவர்களுக்கு 'முன்யா' இருக்கிறது. மலைப் புதினா வகை. வயிற்று உப்புசத்துக்கு எனக்கு அதுவே கூடுதல் பலன் தந்தது.

பிஸ்கோவை லிமாவிலேயே குடித்துவிடுங்கள். அது திராட்சையை வடித்த மது. லிமா, இக்கா, அரெக்கிப்பா, மொக்கேகுவா, தாக்னா ஆகிய ஐந்து பகுதிகளில், எட்டு வகைத் திராட்சைகளிலிருந்து மட்டுமே பெருவில் அந்தப் பெயரில் வடிக்கலாம். வடித்த பின் நீர் சேர்க்கக் கூடாது, மரப்பீப்பாயில் வைக்கக் கூடாது, குறைந்தது மூன்று மாதம் அமைதியாக இருக்கவிட வேண்டும் என்பன விதிகள். வலிமை 38 முதல் 48 விழுக்காடு வரை. பிஸ்கோ சவரில் எலுமிச்சை, சர்க்கரைப் பாகு இவற்றோடு பச்சை முட்டையின் வெள்ளைக்கருவும் சேரும். அது வேண்டாதவர்கள் 'சில்கானோ' கேட்கலாம். இஞ்சிச் சோடாவும் எலுமிச்சையும் பிஸ்கோவும் மட்டுமே கலந்தது. சிலி நாட்டினரும் தங்கள் மதுவைப் பிஸ்கோ என்றே அழைக்கிறார்கள். அந்த வழக்கை லிமா மதுக்கடையில் எழுப்பாதிருப்பது உங்கள் மாலைப்பொழுதுக்கு நல்லது.

நீலாம்பரி எழுதியது:

மது வேண்டாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஊதாச் சோளத்தை அன்னாசித் தோல், பட்டை, கிராம்பு சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறியபின் எலுமிச்சை பிழியும் 'சிச்சா மொராதா' நண்பகல் சாப்பாட்டோடு வரும் பானங்களில் முதன்மையானது. கொதித்த நீர் என்பதால் ஓரளவு நம்பலாம். பனிக்கட்டியை மட்டும் மறுத்துவிடுங்கள். சந்தைகளில் பழச்சாறு விற்கும் பெண்கள் வரிசையாக அழைப்பார்கள். ஒருவரிடம் அமர்ந்து குவளையைக் காலி செய்தால், கலவைக் குடுவையில் மிஞ்சியதைக் கொசுறாக மறுபடி ஊற்றுவார்கள். அதற்குத் தனிக்காசு இல்லை. நீர் சேர்க்காமல் பாலிலோ ஆரஞ்சுச் சாற்றிலோ அடிக்கச் சொல்லுங்கள். லூக்குமா என்னும் பழத்தைப் பனிக்கூழாக உண்பதே நல்லது. தனிப்பழம் மாவுபோல் தொண்டையில் ஒட்டும்.

வழிப்போக்கன் எழுதியது:

பகலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். லிமாவில் மாலை ஆறு மணிக்கு மேல் தெருமுனைகளில் கரி அடுப்புகள் எரியத் தொடங்கும். மாட்டின் இதயத்தைத் துண்டுகளாக்கி, அஹி பாங்கா, பூண்டு, சீரகம், வினிகரில் ஊறவைத்து, குச்சியில் கோத்துச் சுடுவது 'அந்திகூச்சோ'. ஸ்பானியர் காலத்தில் ஆப்பிரிக்க அடிமைகளுக்கு ஒதுக்கப்பட்ட உறுப்பிறைச்சியிலிருந்து அவர்கள் வளர்த்தெடுத்த சமையல் அது. சோளத்தோலைத் துடைப்பமாகக் கட்டி, மசாலாவில் தோய்த்து இறைச்சிமேல் தடவும்போது தீ எழும்பும்.

பக்கத்திலேயே 'பிக்கரோனெஸ்' பொரிப்பார்கள். கடற்காற்று அவர்களின் மனைவிக்கு இது ஏற்றது. பூசணியும் சர்க்கரைவள்ளியும் மாவும் சேர்த்துப் பொங்கவைத்த கூழை, உப்புநீரில் நனைத்த விரல்களால் கிள்ளி, கட்டைவிரலால் நடுவில் துளையிட்டு, உளுந்து வடை தட்டுகிறவர்களின் அதே வேகத்தில் எண்ணெயில் நழுவவிடுகிறார்கள். நீண்ட குச்சியைத் துளைக்குள் விட்டுத் திருப்பி எடுத்து, கரும்பு வெல்லப் பாகை மேலே ஊற்றித் தருவார்கள். சிலர் மாவில் முட்டை சேர்ப்பதுண்டு என்பதால் கேட்டுக்கொள்ளுங்கள். குளிர்மாலைகளில் தள்ளுவண்டியில் விற்கும் 'எமோலியந்தே'யும் உண்டு. வறுத்த பார்லி, ஆளிவிதை, மூலிகைகள் கொதித்த நீரில் எலுமிச்சை பிழிந்த சூடான பானம். ஆளிவிதையால் சற்று வழவழப்பாக இருக்கும்.

சீனச் சமையல் வழிவந்த 'சீஃபா' கடைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; 1849 முதல் வந்த சீனத் தொழிலாளர்களின் வழித்தோன்றல்கள் அவற்றை நாடெங்கும் நிறுவிவிட்டார்கள். மாட்டிறைச்சியை வெங்காயம், தக்காளியோடு வதக்கும் லோமோ சல்தாதோவும் அவர்களின் இரும்புச்சட்டியில் பிறந்ததே. சோறும் வறுத்த உருளைக்கிழங்கும் ஒரே தட்டில் வருவதைக் கண்டு திகைக்க வேண்டாம். உடன் இன்கா கோலா என்னும் மஞ்சள் குளிர்பானத்தைக் குடிப்பது அவர்கள் வழக்கம். எனக்கு அது இருமல் மருந்தின் இனிப்பாகவே பட்டது, பெருவியர் அதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

கடற்காற்று எழுதியது:

அனைவருக்கும் நன்றி. செவிச்சேயை லிமாவில் நண்பகலில் ஒருமுறை, அதுவும் என் கண்முன் பிசறினால் மட்டும் என்று முடிவு செய்துவிட்டேன். அரெக்கிப்பாவில் ஞாயிற்றுக்கிழமை வரும்படி பேருந்துச் சீட்டை மாற்றியாகிவிட்டது. மேலும் இரண்டு ஐயங்கள். புனிதப் பள்ளத்தாக்கில் உள்ளூர் மக்கள் குடிக்கும் சோளக் கள்ளை எங்கே, எப்படித் தேடுவது? கோகாத் தேநீர்ப் பொட்டலங்களை உறவினர்களுக்கு வாங்கி வரலாமா?

மேகமலை எழுதியது:

முதலாவதற்குப் பதில் எளிது. உருபம்பா, பிசாக் போன்ற ஊர்களுக்கிடையே சாலையில் போகும்போது, வீட்டு வாசலிலிருந்து நீண்ட கம்பொன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் சிவப்புத் துணியோ சிவப்பு நெகிழிப்பையோ கட்டியிருந்தால், அங்கே அன்று 'சிச்சா தெ ஹோரா' தயார் என்று பொருள். முளைகட்டிய சோளத்தைக் காய்ச்சிப் புளிக்கவைத்தது. இலேசான புளிப்பும் மிதமான போதையும் இருக்கும். இரு கையால் பிடிக்கும்படியான பெரிய கண்ணாடிக் குவளையில் தருவார்கள். குடிக்கும் முன் சில துளிகளைத் தரையில் பச்சமாமா என்னும் நிலத்தாய்க்கு ஊற்றுவது வழக்கம்; விருந்தினரும் அதைச் செய்தால் மகிழ்வார்கள். காய்ச்சிய பின் பச்சைத் தண்ணீர் கலப்பவர்களும் இருப்பதால், பயணத்தின் கடைசி நாட்களில் அரைக் குவளையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மச்சுபிச்சு செல்லும் நாளுக்கு முந்திய மாலை வேண்டவே வேண்டாம். பீர் குடிக்கும் கூட்டத்தில் அமர்ந்தால் ஒரே குவளை கைமாறிக்கொண்டிருக்கும். தமக்கு ஊற்றிக்கொண்டு புட்டியை அடுத்தவரிடம் தருவார்கள், குடித்து முடித்ததும் நுரையைத் தரையில் உதறிவிட்டுக் குவளையைத் தருவார்கள். அதில் சேர விருப்பமில்லை என்றால் உடல்நலத்தைக் காரணம் சொல்லி மறுக்கலாம்.

இரண்டாவதற்கு, வாங்கி வரவே வேண்டாம். பெருவின் கடைகளில் வெளிப்படையாக விற்கப்பட்டாலும், கோகா இலை இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்கு உட்பட்டது. அமெரிக்கா வழியாகத் திரும்பினால் அங்கும் சுங்கத்தில் பறிமுதலாகும். கோகா சேர்த்த மிட்டாய்க்கும் இதே நிலைதான். உறவினர்களுக்கு ஊதாச் சோளத்தின் காய்ந்த கதிரோ, முத்திரையிட்ட பையில் கீன்வாவோ, பெருவின் சாக்லேட்டோ வாங்கலாம். காய்ந்த கதிருக்கு மட்டும் தாவரப் பொருள் இறக்குமதி விதியை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பிஸ்கோ வாங்கினால் பெட்டிக்குள் துணியால் சுற்றி வையுங்கள். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையிலேயே எடுத்துவிடுவார்கள்.